விளக்கக் குறிப்பு யாருக்காக?

சென்ற மாதம் தில்லிக்கு வந்திருந்த என் தந்தையாரைச் சமகாலக் கலை அருங்காட்சியகம் ஒன்றிற்கு அழைத்துச் சென்றேன். அதன் பெயர் இங்குத் தேவையில்லை. குறை அதற்கு மட்டும் உரியதன்று. சென்னிமலையில் நாற்பது ஆண்டுகள் கைத்தறியில் அமர்ந்தவர் அவர். ஓவியங்களையெல்லாம் ஒருவிதக் கூச்சத்தோடு கடந்து வந்தவர், மிருணாளினி முகர்ஜியின் சிற்பம் ஒன்றின் முன் நின்றுவிட்டார்.

மிருணாளினி (1949–2015) பரோடாவில் கே. ஜி. சுப்ரமணியனிடம் பயின்றவர். சாயமேற்றிய சணல்நார்க் கயிறுகளைக் கையாலேயே முடிந்து, ஆளுயரத்தை விஞ்சும் உருவங்களை எழுப்பியவர். ஒரு சிற்பம் நிறைவுறப் பல மாதங்கள் ஆகும். இவை கலையா, கைவினையா என்று விமர்சகர்கள் நெடுங்காலம் தயங்கினர். தில்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் அவரது வாழ்நாள் படைப்புகளின் கண்காட்சி 2015 சனவரியில் தொடங்கியது. சில நாள்களிலேயே அவர் மறைந்தார்.

தந்தையாருக்கு அந்தத் தயக்கம் எதுவும் இல்லை. பின்புறம் சென்று குனிந்து பார்த்துவிட்டு, "இதுக்குத் தறியே போடலியே கண்ணு, முச்சூடும் கைமுடிச்சு. எத்தன நாளாச்சோ!" என்றார். காவலர் தள்ளி நிற்கச் சொன்னார். தந்தையார் விலகி வந்து, "செவுத்துல என்ன எழுதியிருக்குது?" என்று கேட்டார்.

ஆங்கிலத்தில் எட்டு வரிகள். பொருண்மை, உடலின் அரசியல், இடைநிலை வெளி என்று இயன்றவரை மொழிபெயர்த்தேன். முடிச்சைப் பற்றியோ காலத்தைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "செரி" என்று நகர்ந்தார். அடுத்த அறைகளில் அவர் எதன் அருகிலும் செல்லவில்லை.

எனக்கு நேர்ந்த நாணத்திற்குக் காரணம் உண்டு. அத்தகைய குறிப்புகளை நானே எழுதியிருக்கிறேன். எழுதும்போது என் மனத்தில் இருந்தவர்கள் பார்வையாளர்கள் அல்லர். என் துறையின் பேராசிரியர்கள்.

கலை தானே பேசும், விளக்கம் அதனைக் கெடுக்கும் என்பர் சிலர். பொருளை விளக்கினால் கெடக்கூடும் என்பதை நானும் ஒப்புகிறேன். ஆனால் செய்முறையைச் சொல்வதால் எந்தப் படைப்பும் குறைவதில்லை. எதனால் ஆனது, எவ்வாறு செய்யப்பட்டது, எவ்வளவு காலம் ஆயிற்று, கலைஞரோடு எவரெவர் உழைத்தனர் என்னும் நான்கு செய்திகளை அவ்வட்டாரத்து மொழியிலும் எழுதி வைப்பது அரிய செயலன்று. இன்றைய கலைப்படைப்புகள் பல, தச்சர், வார்ப்பவர், தையற்காரர் ஆகியோரின் கைகளால் உருவாகின்றன. சுவரில் அவர்களுக்கு இடமில்லை. அவர்களுடைய தொழிலை அறிந்த பார்வையாளருக்கும் அங்கே இடமில்லாது போவது இதன் தொடர்ச்சியே.

தேசிய நவீனக் கலைக்கூடம் 1954இல் தொடங்கப்பட்டது. எழுபது ஆண்டுகள் கடந்தும் "நமக்கு இதெல்லாம் புரியாது" என்று மக்கள் வாயிலிலேயே திரும்புவார்களாயின், அது அவர்களுடைய அறியாமை அன்று. எங்களைப் போன்றோர் எழுதிய எழுத்தின் குறை. அன்று அந்த அறையில் முடிச்சைப் படிக்கத் தெரிந்தவர் என் தந்தையார் ஒருவரே. அவரைத்தான் தள்ளி நிற்கச் சொன்னோம்.

இனி ஒரு குறிப்பு எழுத நேர்ந்தால், முதலில் அவருக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டுவதாக இருக்கிறேன். உங்கள் ஊர் அருங்காட்சியகங்களில் நிலைமை வேறாக இருந்தால் எழுதுங்கள், அறிய விரும்புகிறேன்.