நிழல் விழும் சுவரடிக்கு உகந்த செடிகள்

நகரங்களிலே வீடு கட்டி முடிக்கிறவர்கள், பக்கத்துக் கட்டடத்தின் நிழல் பகலெல்லாம் விழுகிற சுவரோரத்து மண்ணைக் கண்டதும், அங்கே எதுவும் பூக்காதென்று தீர்மானித்துச் சிமெண்டால் மூடிவிடுவது சர்வ சாதாரணமாகி வருகிறது. தமிழகத்தில் 2003ஆம் ஆண்டிலேயே மழைநீர் சேகரிப்பு சகல கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டிருக்க, மழை இறங்க வேண்டிய மண்ணை நாமே அடைத்துவிடுவது விவேகமன்று. அதைத் திறந்து வைத்து, நிழலின் சுபாவமறிந்து, ஆண்டு முழுவதும் பசுமை மாறாத பூச்செடிகளை நடுவதே முறை என்பது என் திடமான அபிப்பிராயம்.

முதலில் நிழலை அளந்தறிய வேண்டும். மேல்நாட்டுத் தோட்ட நூல்கள் வடபுறச் சுவரடியை நிரந்தர நிழலிடமாகக் கொள்வது அந்நாடுகளுக்குப் பொருந்தும். ஆனால் பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 13 பாகையில் அமைந்த சென்னையிலோ, ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்டு நடுப்பகுதி வரையில் உச்சிவேளைச் சூரியன் சற்றே வடக்கில் நிற்பதால், மார்கழியில் குளிர்ந்து கிடந்த அதே வடசுவரடி, பக்கத்துக் கட்டடம் மறைக்காத வரையில், கோடையில் வெயிலைப் பெறுகிறது. ஆகையால் இரு பருவங்களிலும் வெளிச்சத்தைக் கவனியாமல் செடி வாங்குவது வீண் பிரயாசை.

காலையில் இரண்டு மூன்று மணி நேரம் வெயில் கிடைக்கிற இடத்துக்கு நந்தியாவட்டை மிகவும் உத்தமமானது. கரும்பச்சை இலைகளுக்கிடையே வெண்மலர்களைத் தாங்கி நிற்கும் அச்செடி, வேண்டிய உயரத்தில் கத்தரித்துவிடவும் இடங்கொடுக்கும். ஜன்னலுக்குக் கீழே கனகாம்பரம் நடலாம். சுமார் 3 அடிக்குள் அடங்குவதால் காற்றை மறைக்காது. மழைக்காலத்தின் பின்பகுதியில் ஊதாவும் வெள்ளையுமாகப் பூக்கிற டிசம்பர் பூவும் அரைநிழலைப் பொறுக்கும். செம்பருத்தியும் அரளியும் நிழலில் இலைவிட்டு வளர்ந்தாலும் பூப்பது அரிதாகையால், நர்சரியில் அவை பூத்து நிற்கும் கோலத்தைக் கண்டு மயங்கலாகாது. வெயில் சிறிதும் படாத இடுக்குகளைப் பெரணிகளுக்கு விட்டுவிடலாம்.

இட்லிப் பூச்செடி விஷயத்தில் விசேஷ ஜாக்கிரதை தேவை. கட்டட வேலையில் சிந்திய சிமெண்டும் சுண்ணாம்பும் சுவரடி மண்ணைக் காரத்தன்மையுடையதாக்கிவிட, அச்செடி இரும்புச் சத்தை ஏற்க இயலாமல், நரம்புகள் மட்டும் பச்சையாயிருக்க இளந்தளிர்கள் மஞ்சளாகிப்போகும். எனவே எந்தச் செடியாயினும், நடும் குழியிலுள்ள இடிபாடுகளை அகற்றிச் செம்மண்ணும் மக்கிய தொழு உரமும் நிரப்பி, சுவரிலிருந்து 2 அடியேனும் தள்ளி நட வேண்டும். அந்த இடைவெளியே சுவருக்கு ஈரம் ஏறாமலும் செடிக்குக் காற்றோட்டம் குறையாமலும் காக்கும். வேரோடிச் சுவரைப் பிளக்கும் அரசங்கன்றோ ஆலங்கன்றோ தானாக முளைத்தால், சிறிதாயிருக்கும்போதே பிடுங்கிவிட வேண்டும்.

இவற்றில் எதுவும் அருமையான செடியன்று. நம் ஊர் நர்சரிகளிலேயே கிடைப்பவை, பல போத்து வைத்தாலே துளிர்ப்பவை. வீடு கட்டுகிறவர்களை நான் கேட்டுக்கொள்வதெல்லாம் இதுவே: சுவரோரத்துக்குச் சிமெண்டு பூசச் சொல்லுமுன், அங்கே விழும் வெளிச்சத்தை ஓராண்டு கவனியுங்கள், அதற்கேற்ற செடியைத் தேர்ந்து, ஐப்பசி மழைக்கு முன்பாக நட்டுவிடுங்கள்.