நாய்க்கு யார் நாள் எண்ணுவது?

பத்திரிகைத் தொழிலில் இருந்தவனுக்குத் திகதியின் மீது ஒரு மூடநம்பிக்கை உண்டு. குறித்து வைத்த திகதி பொய் சொல்லாது என்பதே அது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பக்கங்களுக்குத் திகதியிட்டு அச்சுக்கு அனுப்பிய எனக்கும் அந்த நம்பிக்கை இருந்தது. அது எவ்வளவு பிழையானது என்பதை 2015 ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில், சுருவிலில் உள்ள எங்கள் பழைய வீட்டில், ஒரு பெட்டை நாய் எனக்குக் கற்பித்தது. நாயைப் பற்றி ஒரு மூத்த பத்திரிகையாளன் எழுதுவதா என்று முகஞ்சுழிக்கும் அன்பர்கள் சற்றுப் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

அக்காவுக்குத் துணையாக அந்த வீட்டில் அப்போது இருந்தது அந்த நாய் மட்டுமே. நெற்றியில் வெள்ளைப் புள்ளி இருந்ததால் சுட்டி என்று பெயர். முதன்முறையாகக் குட்டித்தாய்ச்சி. பக்கத்து வளவுக் கடுவனோடு அது சேர்ந்ததைப் புரட்டாதியின் தொடக்கத்தில், செப்ரெம்பர் 18 ஆம் திகதி அக்கா கண்டிருக்கிறார். நான் கண்டது 24 ஆம் திகதி. என் நாட்குறிப்பில் ஏறியது நான் கண்ட நாள் மட்டுமே. நாய்க்கு 63 நாள் என்று எங்கோ வாசித்த நினைவில் கணக்குப் போட்டு, நவம்பர் 26 என்று வட்டமிட்டும் வைத்தேன்.

நவம்பர் 20 ஆம் திகதி, வெள்ளிக்கிழமை மாலை. மழை விட்டிருந்த நேரம். சுட்டி சோற்றைத் தொடவில்லை. மாட்டுக்கொட்டிலில் வைக்கோலைக் காலால் கிளறுவதும், எழுந்து சுற்றிப் படுப்பதும், வாயைத் திறந்து இளைப்பதும், தேகம் நடுங்குவதுமாக இருந்தது. அயல்வீட்டு ஆச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது இடம் தேடுது. இண்டைக்கு இரவு தாண்டாது" என்றார். நான் நாட்குறிப்பைக் கொண்டுவந்து காட்டி, "இல்லை ஆச்சி, இன்னும் ஆறு நாள் கிடக்குது" என்றேன். எழுத வாசிக்கத் தெரியாத அந்த முதியவர் என்னோடு வாதிடவில்லை.

மறுநாள் விடியற்காலையில் சுட்டி முக்கிக்கொண்டிருந்தது. பின்புறத்தில் கரும்பச்சை நிறமாக நீர் கசிந்திருந்தது. குட்டி ஒன்றுமில்லை. அப்போதும் நான் திகதியையே நம்பினேன். வயிற்றுக் கோளாறு என்றெண்ணி நண்பகல் வரை பொறுத்தேன். அன்று சனிக்கிழமை, அரச அலுவலகங்கள் பூட்டு. முச்சக்கரவண்டி பிடித்து, பண்ணைப் பாலம் கடந்து, யாழ்ப்பாண நகரில் ஒரு மிருக வைத்தியரின் வாசலை அடைந்தபோது பிற்பகலாகிவிட்டது. முதற்குட்டி குறுக்கே கிடந்து வழியை அடைத்து இறந்திருந்தது. சத்திரசிகிச்சை செய்தார்கள். ஐந்தில் இரண்டு குட்டிகள் பிழைத்தன. தாயும் பிழைத்தது. வைத்தியர் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. "காலையில் கொண்டுவந்திருக்கலாம்" என்றார், அவ்வளவுதான்.

அதன் பின்னரே இந்த நாள்கணக்கின் உண்மையைத் தேடி வாசித்தேன். பசுவைப் போலவோ ஆட்டைப் போலவோ நாயைக் கணக்கிட முடியாது. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1983 இல் வெளியிட்ட ஆய்வின்படி, சேர்ந்த நாளிலிருந்து எண்ணினால் 57 ஆம் நாளிலும் குட்டி போடலாம், 72 ஆம் நாளிலும் போடலாம். இரண்டுமே இயல்பான பேறுதான். ஆனால் சூலகத்திலிருந்து முட்டை வெளிப்பட்ட நாளிலிருந்து எண்ணினால் ஏறக்குறைய 63 நாள் என்ற கணக்குப் பெரிதாக மாறுவதில்லை. அப்படியானால் கருப்பையில் வளரும் காலத்தில் குழப்பமில்லை. குழப்பம் நாம் எண்ணத் தொடங்கும் நாளில் இருக்கிறது.

இதற்கான காரணம் எளிது. பெட்டை கடுவனை ஏற்கும் காலம் ஒரு நாளன்று, பல நாள். அந்நாள்களில் அது ஒரு முறைக்கு மேல் சேரும். கடுவனின் விந்தணு பெட்டையின் உடலுக்குள் ஒரு வாரம் வரை உயிரோடிருக்க வல்லது. மறுபுறம், நாயின் முட்டை முதிராத நிலையிலேயே வெளிப்படுகிறது. அது கருக்கொள்ளும் பக்குவத்தை அடைய மேலும் இரண்டு மூன்று நாள் வேண்டும். ஆகவே சேர்ந்த நாள் வேறு, கருக்கொண்ட நாள் வேறு. வேலி தாண்டிப் போய்வரும் ஊர்நாய்க்குச் சேர்ந்த நாள் தானும் நமக்கு நிச்சயமில்லை. சுட்டியின் கணக்கை நேர்மையாகப் போட்டிருந்தால், அக்கா கண்ட நாளிலிருந்து 57 ஆவது நாளாகிய நவம்பர் 14 முதல், நான் கண்ட நாளிலிருந்து 72 ஆவது நாளாகிய டிசெம்பர் 5 வரை எந்த நாளும் அதன் நாளாக இருந்திருக்கலாம். மூன்று வாரம் விழித்திருக்க வேண்டிய இடத்தில் நான் ஒரே ஒரு நாளுக்கு வட்டமிட்டேன்.

அக்கா கண்ட நாளிலிருந்து எண்ணியிருந்தால் 63 ஆம் நாள் அந்த வெள்ளிக்கிழமையேதான். ஆனால் அதுவும் தற்செயலே. இன்னொரு பெட்டையில் கடைசி நாள் கணக்குப் பொருந்தும், வேறொன்றில் இரண்டுமே பொருந்தாது. திகதி, எப்போது கவனிக்கத் தொடங்க வேண்டும் என்பதைச் சொல்லும். எப்போது பிறக்கும் என்பதைச் சொல்ல வேண்டியது நாயின் உடல்தான்.

அந்த உடல் சொல்வது என்ன? பேறு நெருங்கும்போது கர்ப்பத்தைக் காத்துவந்த புரொஜெஸ்தரோன் என்ற ஓமோன் இரத்தத்தில் திடீரெனக் குறைகிறது. அதனோடு உடலின் வெப்பமும் இறங்குகிறது. வழமையாக 38 பாகை செல்சியசுக்கு மேல் இருக்கும் நாயின் வெப்பநிலை 37.2 பாகைக்கும் கீழே போனால், பெரும்பாலும் 24 மணித்தியாலத்துக்குள் பேறு தொடங்கும் என்று எதிர்பார்க்கலாம். மருந்துக் கடையில் வாங்கும் சாதாரண இலக்க வெப்பமானியே போதும். முனையில் சிறிது எண்ணெய் தடவி, ஆசனவாயில் வைத்து, 57 ஆம் நாளிலிருந்து காலையும் மாலையும் அளந்து குறித்து வர வேண்டும். ஒருநாள் அளவை வைத்து ஒன்றும் சொல்ல இயலாது. தொடர்ந்து குறித்து வந்தால்தான் இறக்கம் தெரியும். சில வேளைகளில் அந்த இறக்கம் இரண்டு அளவீடுகளுக்கு இடையில் வந்து போய்விடுவதும் உண்டு. ஆகவே வெப்பமானியும் தனியே நின்று தீர்ப்புச் சொல்லாது.

மடியில் பால் கட்டுவதை நம்மவர்கள் பெரிய அடையாளமாகக் கொள்கிறார்கள். சில நாய்களுக்கு அது ஒரு வாரம் முன்னரே வரும். முதற்பேற்றுக்காரிக்குக் குட்டி பிறக்கும் வேளையில்தான் வரும் என்பதும் உண்டு. அதைவிட நம்பத்தக்கது ஆச்சி கண்ட குறிகளே. உணவை மறுத்தல், இடம் தேடிக் கிளறுதல், இளைப்பு, நடுக்கம், சில வேளை வாந்தி. இது பேற்றின் முதற்கட்டம். ஆறு முதல் பன்னிரண்டு மணித்தியாலம் நீடிக்கும், முதற்பேற்றில் ஒரு முழு நாளும் செல்லலாம். இந்தக் கட்டத்தில் மனிதர் செய்யக்கூடியது, இருளும் அமைதியும் உள்ள ஓரிடத்தைக் கொடுத்து, சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளை அப்புறப்படுத்துவதுதான்.

பொறுத்திருக்கக்கூடாத குறிகளும் உண்டு. கடுமையாக முக்கத் தொடங்கி அரைமணி நேரமாகியும் குட்டி வராவிட்டால் புறப்பட வேண்டும். உள்ளே குட்டி இருப்பது தெரிந்தும் ஒரு குட்டிக்கும் அடுத்ததற்கும் இடையில் இரண்டு மணித்தியாலம் கடந்தாலும் புறப்பட வேண்டும். முதற்குட்டி பிறக்கு முன்னரே கரும்பச்சை நீர் கண்டால் ஒரு நிமிடமும் தாமதிக்கலாகாது. அந்தப் பச்சை இளங்கொடியின் நிறமி. முதற்குட்டிக்குப் பின் அது வருவது இயல்பு. முன்னர் வந்தால், குட்டிக்கு உயிர்க்காற்றைக் கொடுத்துவந்த இளங்கொடி கருப்பைச் சுவரிலிருந்து கழன்றுவிட்டது என்று பொருள். வெப்பநிலை இறங்கி ஒரு நாளாகியும் ஒன்றும் தொடங்காவிட்டாலும், நாய் துவண்டு விழுந்தாலும், துர்நாற்றத்துடன் நீர் போனாலும் அவ்வாறே. எவரோ சொன்னாரென்று முக்குவதற்கான ஊசியை வாங்கிப் போடுவது பெருந்தவறு. வழி அடைபட்டிருக்கும்போது அந்த மருந்து கருப்பையையே கிழித்துவிடக்கூடும்.

இவை யாவும் நகரத்தில் உள்ளவர்களுக்கும் பொருந்தும். ஆனால் தீவகத்தில் இவற்றுக்கு இன்னொரு கணக்கையும் கூட்ட வேண்டியிருக்கிறது. சுருவிலில் இருப்பவனுக்குப் பண்ணைப் பாலம் வரை பாதையேனும் உண்டு. அனலைதீவிலோ எழுவைதீவிலோ இருப்பவர் ஊர்காவற்றுறைக்குப் படகேற வேண்டும். நயினாதீவிலும் நெடுந்தீவிலும் இருப்பவர் குறிகட்டுவானுக்கு வர வேண்டும். கடைசிப் படகு போனபின் மாரிக்கடலைப் பார்த்துக்கொண்டு விடியும்வரை இருக்க வேண்டியதுதான். வைத்திய நூல் அரைமணி நேரம் பொறுக்கலாம் என்று சொல்வது, அருகில் வைத்தியர் இருக்கும் ஊரை மனத்தில் வைத்தே. எங்களுக்கு ஆயத்தம் முன்னதாகவே இருக்க வேண்டும். வாகனக்காரரின் தொலைபேசி இலக்கமும் வைத்தியரின் இலக்கமும் 57 ஆம் நாளிலேயே சுவரில் எழுதப்பட்டிருக்க வேண்டும். இயலுமானவர்கள் 55 ஆம் நாளுக்குப் பின் ஒருமுறை நாயை நகருக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுத்துக்கொள்வது நன்று. எத்தனை குட்டி என்ற தொகை தெரிந்தால், பேறு முடிந்ததா இல்லையா என்ற ஐயம் நள்ளிரவில் எழாது.

பசுவுக்கு நாம் இதையெல்லாம் செய்கிறோம். சினைப்படுத்திய நாள் அட்டையில் இருக்கிறது. கன்று போடும் இரவில் வீட்டார் இலாம்புடன் விழித்திருக்கிறார்கள். விழுந்த இளங்கொடியைக் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடும் வழக்கமும் நமக்கு இருந்தது. பால் தரும் மாட்டுக்கு நாள் எண்ணத் தெரிந்த சமூகம், படலையைக் காக்கும் நாய்க்கு அதைச் செய்யாததற்கு அறியாமை மட்டும் காரணமன்று. அது தன்பாட்டில் போட்டுக்கொள்ளும் என்ற அலட்சியமும் காரணம். பெரும்பாலானவை தன்பாட்டில்தான் போட்டுக்கொள்கின்றன. போட முடியாதவை கொட்டிலின் மூலையில் சத்தமின்றிச் சாகின்றன.

1990 இல் தீவகத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது நாய்களை விட்டுவிட்டே போனோம். அன்று வேறு வழியிருக்கவில்லை. இன்று பாதை திறந்திருக்கிறது, கையில் தொலைபேசி இருக்கிறது. இன்றைய புறக்கணிப்புக்கு அந்தச் சாட்டு இல்லை.

ஆகவே இரண்டு விடயங்களைச் சொல்லி முடிக்கிறேன். விசர்நாய்க்கடித் தடுப்பூசி போடுவதற்கு ஊர்களுக்கு அலுவலர்கள் வருகிறார்கள். அன்று வீட்டுக்கு வீடு ஓர் ஒற்றைத் தாள் கொடுக்கலாம். நாள்கணக்கின் எல்லை, வெப்பமானியின் அளவு, பொறுக்கக்கூடாத குறிகள், அழைக்க வேண்டிய இலக்கம் ஆகிய நான்கும் தமிழில் அச்சிட்டால் போதும். பெரிய செலவில்லை. அடுத்தது நம்மைச் சார்ந்தது. இத்தனையும் பார்க்க இயலாதவர்கள் பெட்டைக்குக் கருத்தடை செய்விப்பதே நேர்மை. குட்டிகளைப் பெட்டியில் போட்டுச் சந்தைப் பக்கம் விட்டுவருவதை வழியென்று கொள்ளலாகாது.

சுட்டிக்கு அந்தச் சத்திரசிகிச்சையின்போதே கருத்தடையும் செய்துவிட்டார்கள். பிழைத்த இரண்டில் ஒன்றை ஆச்சி கேட்டு வாங்கிக்கொண்டார். அது பெட்டை. ஓராண்டுக்குப் பின் அது குட்டித்தாய்ச்சியானபோது, முதல் நாளையும் கடைசி நாளையும் எழுதித் தரும்படி ஆச்சி என்னிடம் வந்தார். எழுதிக் கொடுத்தேன். வெப்பமானியையும் கொடுத்தேன். வாசித்துச் சொல்லப் பேரப்பிள்ளை இருந்தான். எந்த நாளில் போடும் என்று ஆச்சி கேட்டார். அதை நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும் என்றேன்.