சர்க்கரை வியாதிக்கு அறுவைச் சிகிச்சையா?



சென்ற திங்கள் ஸ்ரீராம்புரத்தில் நம் சங்க அன்பர் ஒருவர் நம்மிடம் யோசனை கேட்க வந்தார். வயது 46, உடல் பருமன் மிகுதி, 7 ஆண்டுகளாகச் சர்க்கரை வியாதி. இரைப்பையைச் சுருக்கும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டால் வியாதி அடியோடு ஒழியும் என்று யாரோ கூறக் கேட்டு, மனைவியின் நகைகளை அடகு வைக்கவும் துணிந்திருந்தார். இந்நிலை இன்னும் பல குடும்பங்களுக்கு வரக்கூடுமாதலின், அதனையே இத்திங்கள் எழுதப் புகுந்தோம். நாம் வைத்தியரல்லோம், படித்தறிந்ததையே கூறுகின்றோம்.

இச்சிகிச்சையில் இரு முறைகள் பெருவழக்காக உள்ளன. ஒன்றில் இரைப்பையின் பெரும்பகுதியை நீக்கி, எஞ்சியதைக் குழாய் போல் ஆக்குவர். மற்றொன்றில் இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாக்கி, சிறுகுடலின் முற்பகுதியை விடுத்து அப்பாலுள்ள பகுதியோடு இணைப்பர். உண்ணும் அளவு குறைவதோடு, குடலிற் சுரக்கும் சில ஹார்மோன்களும் மாறி இன்சுலினுக்குத் துணை செய்கின்றன. எனவே, உடல் இளைக்கு முன்னரே சர்க்கரை இறங்குவதுண்டு. வியாதி ஒழிந்தது என்ற மயக்கம் பிறப்பதும் இதனாலேயே.

நெடுங்காலப் பயன் யாது? 2014இல் வெளிவந்த ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியைக் காண்போம். சிகிச்சை பெற்ற நீரிழிவுக்காரருள் 2ஆம் ஆண்டில் 100க்கு 72 பேர் மருந்தின்றியே நலமாயிருந்தனர். 15ஆம் ஆண்டிலோ 30 பேரே அந்நிலையில் இருந்தனர். பலருக்குச் சர்க்கரை மீண்டும் வந்தது. ஆயினும் செலவும் துன்பமும் வீணாயின என்று கருதற்க. கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றிற்கு நேரும் கேடு, சிகிச்சை பெறாதாரைவிட அவர்களுக்கு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. வியாதி தொடங்கிய சில ஆண்டுகளுக்குள் சிகிச்சை பெற்றோரும், இன்சுலின் ஊசி வேண்டாதோருமே மிகுந்த பயன் பெறுகின்றனர்.

நம் நாட்டில் நிதியமைச்சராயிருந்த அருண் ஜேட்லி அவர்கள், நெடுநாள் நீரிழிவால் ஏறிய எடையைக் குறைக்க 2014 செப்டம்பரில் தில்லியில் இச்சிகிச்சை செய்துகொண்டார். 2018 மே மாதத்தில் அவருக்குச் சிறுநீரக மாற்றுச் சிகிச்சையும் வேண்டியதாயிற்று. இவ்விரண்டிற்கும் முடிச்சுப் போடுவது நமது நோக்கமன்று. பல்லாண்டு நீரிழிவு கண்ட உடலில் ஒரே சிகிச்சை எல்லாவற்றையும் தீர்க்கும் என்று எண்ணலாகாது என்பதே நாம் கூற வருவது.

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புவதோடு காரியம் முடிவதில்லை. இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து, பி12, டி வைட்டமின்கள் ஆகியன குறையாதிருக்க ஆயுள் முழுதும் மாத்திரை உட்கொள்ளல் வேண்டும். ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனையும் தேவை. சர்க்கரை இறங்கிவிட்டதென்று பரிசோதனையைக் கைவிடுவோர் அது திரும்பி வருவதை அறியார்; கண்ணுக்கும் சிறுநீரகத்திற்கும் கேடு வந்த பின்னரே அறிவர்.

எனவே நம் அன்பரிடம் மூன்று வினாக்களை எழுதிக் கொடுத்தோம். எம் உடலில் இன்சுலின் இன்னும் போதிய அளவு சுரக்கின்றதா? எமக்கு எம்முறை பொருந்தும், அதன் அபாயங்கள் யாவை? பின்னர் ஆண்டுதோறும் ஆகும் செலவு எவ்வளவு? இவற்றிற்கு வைத்தியர் விடை கூறும் வரை நகைகள் பெட்டியிலேயே இருக்கட்டும் என்றோம். தம் மனைவியாரையும் உடன் அழைத்துச் சென்று கேட்டு வருவதாகக் கூறி விடைபெற்றார். சிகிச்சை நல்லதே, ஆனால் அஃது ஆயுள் முழுதும் காக்க வேண்டிய ஓர் ஏற்பாடு என்பதை இல்லத்தார் அனைவரும் அறிந்து துணிதல் வேண்டும்.

நலம் பெருகுக!