தொலைக்காட்சி விவாதமும் வாக்காளர் மனமும்

வாக்களிக்கும் வயதை நீங்கள் எட்டுவதற்கு இன்னும் சில ஆண்டுகள் உள்ளன. எனினும் தேர்தல் உங்கள் வீட்டுக்குள் இப்போதே வந்துவிடுகிறது. இரவு உணவு வேளையில் தொலைக்காட்சித் திரை நான்கு கட்டங்களாகவோ ஆறு கட்டங்களாகவோ பிரிகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு முகம்; எல்லா முகங்களும் ஒரே நேரத்தில் பேசுகின்றன. இதனை நாம் விவாதம் என்கிறோம். இத்தகைய விவாதத்தைக் கேட்டுத் தம் வாக்கை மாற்றிக்கொண்டவர் ஒருவரையேனும் நீங்கள் அறிவீர்களா? நான் கண்டதில்லை. தமக்குப் பிடித்த கட்சிக்காரர் பேசும்போது தாத்தா ஒலியைக் கூட்டுவார்; மற்றவர் பேசத் தொடங்கினால் ஒலியைக் குறைத்துவிட்டு மோர் கேட்பார்.

ஆயினும், தொலைக்காட்சி விவாதம் தேர்தல் முடிவையே மாற்றும் என்னும் எண்ணம் உலகில் வேரூன்றியுள்ளது. அதற்குக் காரணமான நிகழ்ச்சி 1960ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் அமெரிக்காவின் சிகாகோ நகரில் நடைபெற்றது. குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட ஜான் கென்னடியும் ரிச்சர்டு நிக்சனும் தொலைக்காட்சி நிலையத்தில் நேருக்கு நேர் வாதிட்டனர். ஏறத்தாழ 7 கோடிப் பேர் அதனைக் கண்டனர். முழங்கால் நோய்க்காக மருத்துவமனையில் தங்கிச் சில வாரங்களுக்கு முன்புதான் வெளிவந்திருந்த நிக்சன், மெலிந்து வெளிறித் தோன்றினார். கென்னடி பொலிவோடு நின்றார். நவம்பரில் கென்னடி வென்றார். பதிவான 6 கோடியே 80 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் இருவருக்கும் இடையிலான வேறுபாடு ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டியது. வானொலியில் கேட்டவர்கள் நிக்சனே வென்றார் எனக் கருதியதாக ஒரு கதையும் உண்டு. கேட்பதற்குச் சுவையான கதைதான்; ஆனால் அதற்குக் காட்டப்படும் சான்று வலுவற்றது என்று ஆய்வாளர் சிலர் மறுத்துள்ளனர்.

அண்மைக்காலச் சான்று இன்னும் தெளிவானது. 2024 ஜூன் 27 அன்று அட்லாண்டா நகரில் ஜோ பைடனும் டொனால்டு டிரம்பும் வாதிட்டனர். பைடன் பேச்சில் தடுமாறினார். நான்கு வாரங்கள் முடிவதற்குள், ஜூலை 21 அன்று, அவர் போட்டியிலிருந்தே விலகினார். ஒரே இரவின் விவாதம் வேட்பாளரையே மாற்றிவிட்டது.

இவ்விவாதங்களுக்கு இத்துணை ஆற்றல் எங்கிருந்து வந்தது? வாக்குக் கேட்பவரே அங்கு நேரில் நின்றார். அவருக்காகப் பதில் சொல்ல வேறொருவர் இல்லை. நம் பட்டிமன்றத்தின் ஒழுங்கும் இங்கு நினைக்கத்தக்கது. மணிமேகலைக் காப்பியத்திலேயே பட்டிமண்டபம் பற்றிய குறிப்பு உண்டு. பண்டிகை நாளில் சாலமன் பாப்பையா அவர்கள் நடுவராக வீற்றிருக்கும் பட்டிமன்றத்தைப் பாருங்கள். ஓர் அணியினர் பேசும்போது எதிரணியினர் காத்திருப்பர். பின்னர் அவர்கள் சொன்னதை எடுத்துக்கொண்டு மறுப்பர். நம் இரவு விவாதங்களிலோ கட்சித் தலைவர்கள் வருவதில்லை. செய்தித் தொடர்பாளர்களே வருகின்றனர். கேள்வி ஒன்றாக இருக்கும், விடை வேறாக இருக்கும்; நெறியாளர் இடைவேளை அறிவித்துவிடுவார்.

தலைவர்களை நேரில் வாதிடச் செய்யும் முயற்சி நம் நாட்டிலும் நடந்தது. 2024 மே 9 அன்று உச்சநீதிமன்ற முன்னாள் நீதிபதி மதன் லோகுர், தில்லி உயர்நீதிமன்ற முன்னாள் தலைமை நீதிபதி ஏ.பி. ஷா, பத்திரிகையாளர் என். ராம் ஆகிய மூவரும் பிரதமர் நரேந்திர மோதிக்கும் ராகுல் காந்திக்கும் கடிதம் எழுதிப் பொது விவாதத்துக்கு அழைத்தனர். ராகுல் காந்தி இசைந்தார். எனினும் விவாதம் நடைபெறவில்லை. நடைபெற்றிருந்தாலும் நமக்குக் காலம் கடந்திருக்கும். தமிழ்நாடு ஏப்ரல் 19 அன்றும், பெங்களூரு ஏப்ரல் 26 அன்றும் வாக்களித்து முடித்திருந்தன. நாம் தேர்ந்தெடுப்பது நாடாளுமன்ற உறுப்பினரையே, பிரதமரை அல்லவே என்று கேட்போர் உள்ளனர். பிரிட்டனிலும் அம்முறைதான்; ஆயினும் அங்கே 2010 முதல் கட்சித் தலைவர்கள் தொலைக்காட்சியில் வாதிட்டு வருகின்றனர்.

பெங்களூருத் தமிழராகிய நமக்கு மற்றுமொரு சிக்கல் உண்டு. அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ வாழும் பலர்க்கு வாக்கு இங்கே. அவர்கள் கேட்கும் விவாதமோ சென்னையிலிருந்து வருகிறது. தமக்கு வாக்கில்லாத தொகுதிகளைப் பற்றி இரவெல்லாம் கேட்டுவிட்டு, தம் தொகுதி வேட்பாளரின் பெயரைக்கூட அறியாமல் வாக்குச்சாவடிக்குச் செல்வோரை நான் அறிவேன்.

காவிரிச் செய்தி வரும் நாளில் இச்சிக்கல் முற்றுகிறது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. நடுவர் மன்றம் 192 டி.எம்.சி. என்று வகுத்திருந்த தமிழ்நாட்டின் பங்கு 177.25 டி.எம்.சி. ஆயிற்று. குறைந்த 14.75 டி.எம்.சி.யும் கர்நாடகத்துக்குச் சேர்ந்தது, அதில் 4.75 டி.எம்.சி. பெங்களூரின் குடிநீர் முதலான தேவைகளுக்கு. மூன்று மாதங்களுக்குள், மே 12 அன்று, கர்நாடகச் சட்டமன்றத் தேர்தல் நடந்தது. எண் ஒன்றுதான். தஞ்சை உழவருக்கு அது இழப்பு. நம் வீட்டுக் குழாய்க்கு அதுவே வரவு. தமிழில் மட்டும் விவாதம் கேட்பவர்க்கு ஒரு பாதிதான் காதில் விழும். சுவருக்கு அப்பால் கன்னடத்தில் மட்டும் கேட்பவர்க்கு மறுபாதி. இவ்வாறு கேட்கும் விவாதம் மனத்தை மாற்றுவதில்லை. முன்பே கொண்ட கருத்தை இறுக்குகிறது.

நீங்கள் வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பேசி வளர்பவர்கள். அடுத்த முறை காவிரி பற்றிய விவாதம் வரும்போது தாத்தாவிடம் ரிமோட்டைக் கேட்டு வாங்குங்கள். பத்து நிமிடம் கன்னடத் தொலைக்காட்சியை வைத்து, அங்குச் சொல்லப்படுவதை அவருக்குத் தமிழில் எடுத்துரையுங்கள். அவர் மோர் கேட்டால் கொண்டுவந்து கொடுங்கள்; ஒலியை மட்டும் குறைக்காதீர்கள்.