சுத்தியலுக்கு முன் கொஞ்சம் வேதியியல்

பிரேக் டிஸ்க் துருப்பிடித்து இறுகிவிட்டால் நம் கை முதலில் தேடுவது சுத்தியலைத்தான். வீட்டு வாசலில் தாங்களே பிரேக் மாற்றுபவர்களும் அடிக்கிறார்கள். சில பட்டறைகளிலும் இதே கதைதான். பத்து அடி, இருபது அடி, டிஸ்க் எப்படியோ வந்துவிடும். ஆனால், அந்த அடி டிஸ்கோடு நிற்பதில்லை. பின்னால் இருக்கும் சக்கர பேரிங்கிற்கும் போகிறது. அதனுள் இருக்கும் எஃகுக் குண்டுகள் தாம் ஓடும் பாதையில் நுண்ணிய பள்ளங்களைப் பதித்துவிடலாம். பிறகு நெடுஞ்சாலையில் போகும்போது சக்கரத்திலிருந்து ஒரு முனகல் கேட்கும். கூலியை மிச்சம் பிடிக்கப் போனவர் பேரிங்கிற்கும் சேர்த்துக் காசு கட்டுவார்.

துருவைப் பற்றிப் பள்ளியில் படித்தது தேர்வுத்தாளோடு நின்றுபோனதும் இதற்கு ஒரு காரணம் என்பேன். படிவம் 5 வேதியியலில் அந்தப் பாடம் இருக்கிறது. ஆணியை ஜெல்லிக் கரைசலில் வைத்து மறுநாள் பார்ப்போம். இரும்பு கரையும் இடத்தில் நீலமும், ஆக்சிஜன் எலக்ட்ரான்களை ஏற்கும் இடத்தில் இளஞ்சிவப்பும் தோன்றும். அந்த இரண்டு நிறங்களும் வெவ்வேறு இடங்களில் தோன்றுவதுதான் பாடத்தின் உயிர். மாணவர்களோ சமன்பாட்டை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். ‘காற்று அதிகம் படும் இடம்தான் அதிகம் துருப்பிடிக்கும்’ என்ற எண்ணம் மட்டும் மனத்தில் தங்கிவிடுகிறது.

பிரேக் டிஸ்க் அந்த எண்ணத்தைக் கவிழ்த்துவிடும். இரவு மழையில் நின்ற காரின் டிஸ்கைக் காலையில் பாருங்கள். காற்றுபடும் முகத்தில் மெல்லிய செம்மஞ்சள் துரு படிந்திருக்கும். நான்கு முறை பிரேக் மிதித்தால் அது தேய்ந்து போய்விடும். டிஸ்கைப் பிடித்து வைப்பது வேறோர் இடத்துத் துரு. டிஸ்கின் நடுத்துளையும் சக்கர மையமும் ஒன்றையொன்று தழுவும் குறுகிய இடைவெளியில் அது இருக்கிறது. அங்கே நீர் நுழையும், எளிதில் வெளியேறாது. உள்ளே ஆக்சிஜன் சீக்கிரம் தீர்ந்துவிடும். உடனே வேலை பிரிகிறது. இடைவெளியின் வாயருகே ஆக்சிஜன் எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்கிறது. ஆக்சிஜன் குறைந்த உட்பகுதியில் இரும்பு கரைகிறது. இப்படி உருவாகும் துரு, கரைந்த இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். விரிய இடமில்லாததால் இரு பரப்புகளுக்கும் நடுவே ஆப்பு வைத்ததுபோல் இறுகிவிடுகிறது.

குளிர்நாடுகளில் பனியை உருக்கச் சாலையில் உப்புக் கொட்டுகிறார்கள். கார்கள் அரிக்க அது பெரிய காரணம். நமக்கு அந்த உப்பு இல்லை. ஆனால், ஆண்டு முழுவதும் 80 விழுக்காட்டை ஒட்டிய ஈரப்பதம் இருக்கிறது. கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் உண்டு. வெள்ளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2021 டிசம்பரில் ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவில் மூழ்கிய கார்களை நினைத்துப் பாருங்கள். இருக்கைகள் காய்ந்த பிறகும் இப்படிப்பட்ட இடுக்குகளில் சேற்றுநீர் தங்கியிருக்கும்.

துரு எங்கே என்று தெரிந்துவிட்டால் செய்ய வேண்டியதும் தெரிந்துவிடும். ஆனால் அதற்கும் முன்னால் ஒன்று: ஜேக்கியை மட்டும் நம்பிக் காரைத் தூக்கி நிறுத்தி வேலை செய்யவே கூடாது. சமதளத்தில் தாங்கி வைக்க வேண்டும். செங்கல் தாங்கி ஆகாது. அது நொறுங்கும்போது முன்னறிவிப்பு தராது. தாங்கி வாங்க மனமில்லாதவர் பட்டறைக்குப் போவதே நல்லது என்று தயங்காமல் சொல்வேன்.

பிறகு, டிஸ்க் உண்மையிலேயே துருவால்தான் இறுகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பின்சக்கரமென்றால் கைபிரேக் விடுவிக்கப்பட்டிருக்கிறதா? கேலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டைக் கழற்றியாகிவிட்டதா? டிஸ்கைப் பிடித்திருக்கும் சிறு திருகு ஏதும் உண்டா? கழற்றிய கேலிப்பரைக் கம்பியில் தொங்கவிடுங்கள், அதன் ரப்பர் குழாயில் அல்ல.

இனி, துரு ஊடுருவும் எண்ணெய். நடுத்துளையைச் சுற்றி விட்டால் நுண்புழைக் கவர்ச்சியால் எண்ணெய் தானே உள்ளே ஏறும். பல வீடுகளில் இருக்கும் நீலமும் மஞ்சளுமான டப்பாவின் பெயரில் வரும் ‘டபிள்யூ, டி’ எழுத்துகள் நீரை விலக்குவதைக் குறிப்பவை. இறுகிய துருவுக்கென்றே செய்த எண்ணெய் தனியாகக் கிடைக்கிறது, அதையே வாங்குங்கள். தெளித்த அடுத்த நிமிடமே அடிக்கத் தொடங்குபவர் எண்ணெய்க்குக் கொடுத்த காசைத் தரையில் ஊற்றுகிறார். ஓர் இரவு விட்டுவைக்கலாம்.

ஜப்பானிய வடிவமைப்புக் கார்கள் பலவற்றில் டிஸ்கின் நடுப்பகுதியில் மரை வெட்டிய இரண்டு சிறு துளைகள் இருக்கும். தயாரிப்பாளர் நமக்காகவே விட்டுவைத்தவை அவை. பெரும்பாலும் 8 மி.மீ. போல்ட் பொருந்தும். முதலில் கையாலேயே திருகி, மரை ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். போல்டின் நுனி சக்கர மையத்தில் முட்டும். தொடர்ந்து திருகினால் டிஸ்க் வெளியே தள்ளப்படும். 20 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை என்பது சிறிய ஸ்பேனரில் சிரமமில்லாமல் கொடுக்கக்கூடியது. உராய்வைக் கணக்கில் எடுத்தாலும், ஒரு போல்ட் ஏறக்குறைய 12,500 நியூட்டன் விசையோடு தள்ளும். இரண்டு போல்ட் சேர்ந்தால் இரண்டு மைவி கார்களின் எடைக்கும் மேல்! எந்தச் சுத்தியலும் வேண்டாம். ஆனால் இரண்டையும் மாறி மாறி, கால் சுற்றாகத் திருகுங்கள். டிஸ்க் வார்ப்பிரும்பால் ஆனது. ஒரு பக்கம் மட்டும் இழுபட்டால் வெடித்துவிடலாம். சக்கர நட்டு ஒன்றை இரண்டு மரை மட்டும் ஏற்றி வைத்தால், டிஸ்க் திடீரென்று விடுபட்டுக் காலில் விழாது.

தீச்சுடரால் சூடாக்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். பேரிங்கின் கிரீஸும் ரப்பர் அடைப்பும் அருகிலேயே இருக்கின்றன. குளோரின் சேர்ந்த பிரேக் சுத்திகரிப்புத் திரவம் அங்கே எஞ்சியிருந்தால் வெப்பத்தில் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயுவும் உருவாகக்கூடும்.

டிஸ்க் வந்த பிறகுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். மையத்தின் முகத்தில் பழைய துரு அப்படியே இருக்க, மேலே புதிய டிஸ்கை மாட்டிவிடுகிறார்கள். அங்கே 0.05 மி.மீ. துருச்செதில் இருந்தாலும் போதும். டிஸ்கின் விளிம்பில் தள்ளாட்டம் ஏறக்குறைய இருமடங்காகத் தெரியும், நாளடைவில் பிரேக் மிதி துடிக்கத் தொடங்கும். கம்பித் தூரிகையால் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேயுங்கள். நடுத்துளை பொருந்தும் விளிம்பில் மிக மெல்லிதாகக் கிரீஸ் தடவுங்கள். பிரேக் உராயும் முகத்தில் ஒரு துளியும் படக்கூடாது. எல்லாவற்றையும் பூட்டிய பிறகு, காரை நகர்த்துமுன் பிரேக்கைப் பலமுறை மிதியுங்கள். பின்னுக்குத் தள்ளப்பட்ட பிஸ்டன் திரும்பி வரும்வரை முதல் சில மிதிகளில் பிரேக் பிடிக்காது.