டேஷ்போர்டில் கிடந்த சீட்டு

2009ஆம் ஆண்டு. சங்ககிரியில் நான் கிளினிக் திறந்து மூன்றாவது வருடம். கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வேண்டும் என்று ஒரு லாரி ஓட்டுநர் வந்தார். வயது 42. பல் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடத்தில் எடுத்துவிட்டேன். பஞ்சு வைக்கும்போதுதான் இடது கன்னத்தின் உட்புறம் கண்ணில் பட்டது. ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெள்ளைத் திட்டு, நடுவே சிவப்பு. துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. ராத்திரி ஓட்டத்தில் தூக்கம் வராமலிருக்க அந்தக் கன்னத்தில்தான் பாக்கை அடக்கிக்கொள்வாராம்.

“சேலம் பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. கொஞ்சம் சதை எடுத்துச் சோதிச்சுப் பார்க்கணும்” என்று சீட்டு எழுதிக் கொடுத்தேன்.

“வலியே இல்லீங்களே டாக்டரம்மா. நாளைக்கு நாக்பூர் லோடு. எறக்கிட்டு வந்து போறனுங்க” என்றார். சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். நான் அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

பதினோரு மாதம் கழித்து மனைவியுடன் வந்தார். கழுத்தில் நெல்லிக்காய் அளவு கட்டி. வாய் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. “நீங்க குடுத்த சீட்டு வண்டி டேஷ்போர்டுலயே கெடந்துச்சுங்க” என்றார் அந்த அம்மா. அடுத்த ஆடி வரை அவர் இருந்தார்.

பல வருடம் இந்தக் கதையை, “நான் சொன்னேன், அவர் கேட்கவில்லை” என்றுதான் சொல்லிவந்தேன். ஓர் ஆய்வுக் கட்டுரையைப் படித்த பிறகு அப்படிச் சொல்ல முடியவில்லை.

வாய்ப் புற்றுநோய் குறித்த அந்தப் பெரிய ஆய்வு நமக்குப் பக்கத்திலேயே நடந்தது. 1996இல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 பஞ்சாயத்துப் பகுதிகளை எடுத்துக்கொண்டார்கள். ஏழில் 35 வயதைக் கடந்தவர்களின் வாயைப் பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் பரிசோதித்தார்கள். ஆறில் வழக்கமான மருத்துவ வசதி மட்டும். இரு பக்கமும் தலா 95,000 பேருக்கு மேல். பரிசோதித்தவர்கள் மருத்துவர்கள் அல்லர். அவர்களுக்குத் தேவைப்பட்டவை நல்ல வெளிச்சமும் பழகிய கண்ணும்தான். மருத்துவர் சங்கரநாராயணனும் குழுவினரும் 2005இல் ‘லான்செட்’ இதழில் முடிவை வெளியிட்டார்கள். புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் 34 சதவீதம் குறைந்திருந்தது. எந்தப் பழக்கமும் இல்லாதவர்களையும் சேர்த்து எல்லோரையும் கணக்கிட்டால், பலன் உறுதியாகச் சொல்லும்படி இல்லை. அதையும் ஒளிக்காமல் எழுதியிருந்தார்கள்.

என்னை உலுக்கியது அந்த 34 அல்ல. அதே கட்டுரையில் இன்னொரு கணக்கு இருந்தது. சந்தேகத்துக்குரியவர்கள் என்று மேல்பரிசோதனைக்கு அனுப்பப்பட்டவர்கள் 5,145 பேர். போனவர்கள் 3,218 பேர். மீதி 1,927 பேர் போகவே இல்லை. நூற்றுக்கு 37 பேர். அத்தனை திட்டமிட்டு நடந்த ஓர் ஆய்விலேயே இப்படி என்றால், என் ஓட்டுநர் ஒற்றை ஆள் இல்லை. அவர் போகாததைத் தனி மனிதரின் அலட்சியம் என்று நான் ஒதுக்கியது தவறு.

ஏன் போவதில்லை? வலிக்காது என்பது முதல் காரணம். இந்த நோயின் சூதே அதுதான்; வலி வரும்போது காலம் கடந்திருக்கும். ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போகும் என்பது இரண்டாவது. சதை எடுத்தால் பரவிவிடும் என்ற பயம் மூன்றாவது. நாலாவது, “நான் பொகையில போடறதில்ல, வெறும் பாக்குதான்” என்ற நம்பிக்கை. பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004இலேயே அறிவித்துவிட்டது. நம் வெற்றிலைத் தட்டுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

30 வயதைக் கடந்த எல்லோருக்கும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாய்ப் பரிசோதனை என்று மத்திய அரசின் வழிகாட்டுதல் 2016 முதல் இருக்கிறது. ஆனால், 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயதுக்குள் ஒருமுறையாவது வாய்ப் புற்றுநோய்க்காகப் பரிசோதிக்கப்பட்டதாகச் சொன்னவர்கள் பெண்களில் 0.9 சதவீதம், ஆண்களில் 1.2 சதவீதம். பார்க்கப்பட்டவர்களே இவ்வளவுதான். இதில் எத்தனை பேர் சீட்டை வாங்கி மடித்து வைத்தார்களோ!

“பின்னாலேயே போய்க் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டா போக முடியும்?” என்று சக மருத்துவர்கள் கேட்கிறார்கள். இழுக்க வேண்டாம், ஒரு போன் போடலாம். என் மேசையில் இப்போது ஒரு நீள நோட்டு இருக்கிறது. அனுப்பும் ஒவ்வொருவரின் பெயர், அவருடைய எண், வீட்டில் இன்னொருவரின் எண், திட்டு இருக்கும் இடம், தேதி. இரண்டு வாரத்தில் கூப்பிடுவேன். போயிருந்தால் டிக், இல்லையென்றால் சிவப்பு மையில் வட்டம். “விடவே மாட்டீங்களா?” என்று சலித்துக்கொள்கிறவர்கள் உண்டு. அவர்களில் சிலர் தொல்லை தாங்காமலே போய்க் காட்டியிருக்கிறார்கள். வெள்ளைத் திட்டு எல்லாம் புற்றுநோயாகிவிடாது. “ஒண்ணுமில்லையாம்” என்று திட்டிவிட்டுப் போனவர்களும் உண்டு. அந்தத் திட்டு எனக்குச் சந்தோஷம்தான்.

அரசிடம் கேட்பது இரண்டு. எத்தனை வாயைப் பார்த்தோம் என்ற கணக்கோடு நிறுத்தாமல், அனுப்பியவர்களில் எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள் என்பதையும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் கணக்கில் காட்ட வேண்டும். சதைப் பரிசோதனைக்கு மாவட்டத் தலைநகருக்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அலையாதபடி, தாலுகா மருத்துவமனையிலேயே வாரம் ஒரு நாள் ஒதுக்க வேண்டும்.

பல் மருத்துவக் கல்லூரிகளிடம் கேட்பது ஒன்று. வாய் இறுகித் திறக்க முடியாமல் போகும் பாக்கு நோயை 1952இல் ஷ்வார்ட்ஸ் என்பவர், கென்யாவில் வாழ்ந்த ஐந்தே இந்தியப் பெண்களைப் பார்த்துத்தான் பதிவு செய்தார். ஐந்து பேரைக் கவனமாக எழுதி வைத்தாலே மருத்துவம் நகரும். முதுநிலை மாணவர்கள் ஆண்டுதோறும் ஆய்வேடு எழுதுகிறார்கள். பல்லை அடைக்கும் பசைகளை ஒப்பிட்டது போதும். அனுப்பியும் போகாதவர்களின் வீடு தேடிப் போய், ஏன் போகவில்லை என்று கேட்டு யாராவது எழுதட்டும்.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. சொத்தைப் பல்லுக்குப் போனாலும் கன்னத்தின் உள்பக்கத்தையும் நாக்கின் அடியையும் ஒருமுறை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு வாரமாகியும் ஆறாத புண் இருந்தால் காட்டுங்கள். சீட்டு கொடுத்தால் அந்த வாரமே போய்விடுங்கள். நாக்பூர் லோடை வேறொருவர் ஓட்டுவார்.