உப்பு நீர்த் தடாகமும் நம் மணற் கிணறுகளும்

அறுகம்பையிலிருந்து பாசிக்குடா வரை நீளும் நம் கிழக்குக் கரையில், உல்லாசப் பிரயாணிகளுக்கென்று எழும்பும் விடுதிகளில் நீச்சல் தடாகமும் அதனோடு ஒட்டிய வெந்நீர்த் தொட்டியும் சௌகரியத்தின் அடையாளங்களாகக் கருதப்படும் இக்காலத்தில், அந்நீரைச் சுத்தமாக வைத்திருக்கக் குளோரின் தூளை அள்ளிக் கொட்டுவதை விடுத்து, சாதாரண உப்பிலிருந்தே குளோரினை உண்டாக்கிக்கொள்ளும் மின்சாதனத்தைப் பொருத்துவது மேலானதா என்ற கேள்வி எழுமாயின், மேலானதே என்றுதான் நான் விடை கூறுவேன். ஆனால் அட்டாளைச்சேனையிலோ, பாலமுனையிலோ, ஒலுவிலிலோ கிணற்று நீரைக் குடித்து வளர்ந்த எவரும் அவ்விடையோடு ஒரு நிபந்தனையையும் சேர்த்துக் கூறக் கடமைப்பட்டவர்: கரைத்த உப்பு கடைசியில் எங்கே போகும் என்பதை முன்கூட்டியே எழுதிக் காட்டாத எந்தத் தடாகத்துக்கும் அனுமதி வழங்கலாகாது.

இச்சாதனம் உள்ள தடாகத்தில் குளோரினே இல்லை என்று எண்ணுவோர் பலர், அது தவறு. லீற்றருக்கு 3 முதல் 4 கிராம் வரை உப்புக் கரைந்த நீர், உருத்தேனியம், இரிடியம் ஆகியவற்றின் ஒட்சைட்டுப் பூசிய தைத்தேனியத் தகடுகளுக்கிடையே பாயும்போது, மின்னோட்டத்தினால் ஒரு தகட்டில் குளோரினும் மறு தகட்டில் ஐதரசன் வாயுவும் பிறக்கின்றன. அக்குளோரின் கிருமிகளைக் கொன்ற பின் பெரும்பாலும் உப்பாகவே நீருக்குத் திரும்பிவிடுகிறது. இந்த இரசாயனம் நம் நாட்டுக்குப் புதிதுமன்று. ஆனையிறவு உப்பளத்துக்கு அண்மையில், பரந்தனில், 1950களில் தோன்றிய அரசாங்க இரசாயனத் தொழிற்சாலை உப்பை மின்பகுப்புச் செய்து எரிசோடாவும் குளோரினும் தயாரித்து வந்தது. யுத்தம் அதனை அழித்த பின்னர், குடிநீருக்கு வேண்டிய குளோரினையே வெளியிலிருந்து தருவிக்கும் நிலை நமக்கு ஏற்பட்டது.

பொருத்தும் முறையில் வெந்நீர்த் தொட்டியே பிரத்தியேகக் கவனத்துக்குரியது. பம்பி, வடிகட்டி, நீர்ச்சூடாக்கி ஆகிய மூன்றையும் கடந்த பிறகே, குழாய் வரிசையின் கடைசியில், மின்பகுப்புக் கலம் அமைய வேண்டும். சூடாக்கிக்கும் கலத்துக்கும் இடையே ஒருவழி வாயிலும் வேண்டும், இல்லையேல் பம்பி நின்றதும் குளோரின் மிகுந்த நீர் பின்னோக்கிச் சென்று சூடாக்கியின் செப்புக் குழாயை அரித்துவிடும். நீரோட்டம் நின்றால் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் ஆளி இல்லாத கலத்தில் ஐதரசன் தேங்கி வெடிக்கும் அபாயமுண்டு. இதில் சிக்கனம் பார்ப்பவரை நான் மன்னிக்க மாட்டேன். மேலும், மணித்தியாலத்துக்கு 20 கிராம் குளோரின் தரும் கலம் 50,000 லீற்றர்த் தடாகத்தில் லீற்றருக்கு 0.4 மில்லிகிராமையே கூட்டும். வாயில்களைத் திருப்பி அதே நீரோட்டத்தை 3,000 லீற்றர் கொண்ட வெந்நீர்த் தொட்டிக்கு மட்டும் விட்டாலோ, ஒரு மணித்தியாலத்தில் ஏறத்தாழ 7 மில்லிகிராம் கூடிவிடும். வழக்கமாக வேண்டப்படும் அளவு 3 மில்லிகிராம் அளவினதே. ஆகவே தொட்டியை உபயோகிக்கும் வேளையில் சாதனத்தின் உற்பத்தியைக் குறைத்தாக வேண்டும். மாறாக, தடாகத்துக்கு மட்டுமே நீரைச் சுழலவிட்டுத் தொட்டியைத் தேங்கவிட்டால், வெப்பத்தால் குளோரின் விரைவில் நீங்கிப்போய், தோலிலும் சுவாசப்பையிலும் நோய் விளைவிக்கும் கிருமிகள் அங்கே பெருகும். தினந்தோறும் தொட்டியின் நீர் தடாகத்துள் வழிந்து புதுப்பிக்கப்பட வேண்டும் என்பது இதனாலேதான்.

இவையெல்லாம் தடாகத்தில் இறங்குவோரின் க்ஷேமத்தைப் பற்றியவை. மதிலுக்கு வெளியே வாழ்வோரின் விஷயம் வேறு. நம் கரையோர மணலின் கீழே கடலின் உப்பு நீர் மீது மழை தந்த நன்னீர் மெல்லிய படலமாக மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் இருந்தால் அதன் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் தாங்கப்பட்டிருக்கும் என்பது நிலத்தடி நீர் ஆராய்ந்தோர் கண்ட கணக்கு. வீட்டுக் கிணறும் பள்ளிவாசல் ஹவுழும் தோட்டத்துத் துலாக் கிணறும் அந்த ஒரே படலத்திலிருந்துதான் நிரம்புகின்றன. 2004 டிசம்பர் 26ஆந் திகதி கடல் ஊருக்குள் புகுந்து கிணறுகளை உப்பாக்கியபோது, உப்பைப் போக்கும் ஆவலில் பம்பி வைத்து இறைத்து இறைத்து, கீழிருந்த உப்பு நீரையே மேலே வரவழைத்த கிணறுகள் இக்கரையெங்கும் இருந்தன. அவற்றை மெல்ல மெல்லக் கழுவியது மாரி மழையேயன்றி நம் இயந்திரங்களல்ல.

இதை அனுபவித்தறிந்த மண்ணில், லீற்றருக்கு சுமார் 3.2 கிராம் உப்புக் கொண்ட 50,000 லீற்றர்த் தடாகம் ஒன்று தன்னுள் 160 கிலோ உப்பை வைத்திருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். லீற்றருக்கு 250 மில்லிகிராம் குளோரைட்டைத் தாண்டினால் நாக்கு உப்பை உணரத் தொடங்கும் என்பது பொதுவான அளவு. அக்கணக்கின்படி அந்த 160 கிலோ, நன்னீர் 4 இலட்சம் லீற்றரை அந்த எல்லைக்குக் கொண்டுபோகப் போதுமானது. தடாகத்தை முழுதாகத் திறந்துவிடுவது அபூர்வமாக நேரலாம். வடிகட்டியைப் பின்னோட்டமாகக் கழுவும்போதெல்லாம் சில நூறு லீற்றர் உப்பு நீர் வெளியேறுவதும், மாரியில் தடாகம் நிரம்பி வழிவதும் தொடர்ந்து நடப்பவை. தோட்ட மூலையில் ஊறுகுழி வெட்டி அதை மண்ணுக்குள் இறக்குவதே செலவு குறைந்த வழி. அயலவரின் கிணற்றுக்கு அதைவிடப் பெரிய துரோகமுமில்லை.

பரிகாரம் கடினமானதன்று. சாதனத்தை நிறுத்தி, சில நாட்கள் வெயிலில் நீரை விட்டுக் குளோரின் நீங்கியதைச் சோதித்த பின், அந்நீரைக் குழாய் வழியே கடலுக்கே அனுப்பலாம். லீற்றருக்கு 35 கிராம் உப்புக் கொண்ட கடலுக்கு அந்தச் சிறு உப்பு பாரமாகாது. தடாகத்தை முதன்முறை நிரப்பும் நீரும் ஊர்க் கிணற்றிலிருந்து எடுக்கப்படலாகாது. பிரதேச சபையும் கரையோரம் பேணல் திணைக்களமும் மத்திய சுற்றாடல் அதிகார சபையும் தடாகத்துக்கான விண்ணப்பத்தை ஏற்கும்போது, கழிவு நீர்க் குழாயின் வரைபடத்தைக் கேட்டு வாங்க வேண்டும். தடாகம் நிரப்பப்படுவதற்கு முன்னரும் அதன்பின் ஆண்டுதோறும், சுற்றியுள்ள கிணறுகளின் உப்பளவை விடுதியின் செலவிலேயே அளந்து, அதன் பெறுபேற்றைப் பிரதேச சபையின் அறிவித்தற் பலகையில் அக்கிணறுகளின் சொந்தக்காரர் வாசிக்கும்படி ஒட்டவும் வேண்டும்.